புகையை வாங்கிக் கடலடியில் புதைக்கும் சேவை: நார்வேயின் ‘நார்தர்ன் லைட்ஸ்’ ஒரு மதிப்பீடு

நார்வேயின் மேற்குக் கரையில், பெர்கன் நகருக்கு அருகே ஒய்கார்டன் என்ற இடத்தில் ஒரு சிறு கப்பல்துறை இருக்கிறது. அங்கே வரும் கப்பல்கள் இறக்கும் சரக்கு, திரவமாக்கப்பட்ட கரியமில வாயு. கரையில் செங்குத்தாக நிற்கும் 12 தொட்டிகளில் அதை நிரப்புகிறார்கள். பிறகு பம்புகள் அழுத்தத்தை ஏற்றி, கடல்தரையில் கிடக்கும் சுமார் 100 கி.மீ. குழாய் வழியே தள்ளுகின்றன. குழாய் முடியும் இடத்தில் ஒரு கிணறு. கடல்தரைக்கும் கீழே 2,600 மீட்டர் ஆழத்தில் உப்புநீர் ஊறிய மணற்கல்லுக்குள் அந்த வாயு போய்ச் சேர்கிறது. 2025 ஆகஸ்டில் முதல் சரக்கு உள்ளே போனது. ஈக்வினோர், ஷெல், டோட்டல்எனர்ஜீஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் சம பங்கில் நடத்தும் இந்தச் சேவையின் பெயர் ‘நார்தர்ன் லைட்ஸ்’. அடுத்தவர் ஆலைப் புகையை, வேறு நாட்டிலிருந்தும்கூட, கட்டணத்துக்கு வாங்கிப் புதைத்துத் தரும் முதல் வணிகச் சேவை இதுதான்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சிமென்ட் ஆலை, குப்பை எரிக்கும் நிலையம், அமோனியா ஆலை நடத்துபவர்களுக்கு இது வாங்கத் தகுந்த சேவை. விலை அதிகம்தான், ஆனால் அவர்களுக்கு வேறு வழி அநேகமாக இல்லை. நிலக்கரி மின்நிலையத்துக்கு நாங்கள் இதைப் பரிந்துரைக்க மாட்டோம். அதே பணத்தில் காற்றாலையும் சூரியத் தகடும் போட்டு நிலக்கரியை நிறுத்தினால் கூடுதல் டன் குறையும்.

இத்துறையில் எதை மதிப்பிட்டாலும் மூன்று எண்களைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஆலையின் வடிவமைப்புத் திறன் ஒன்று. உண்மையில் பிடித்த டன் இன்னொன்று. நிலத்தடியில் போய்த் தங்கிய டன் மூன்றாவது. செய்தி அறிக்கைகளில் பெரும்பாலும் முதல் எண்தான் வரும். கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் 2014இல் தொடங்கிய பவுண்டரி டாம் நிலக்கரி அலகு ஆண்டுக்கு 10 லட்சம் டன் பிடிக்கக் கட்டப்பட்டது. மொத்தம் 50 லட்சம் டன்னை அது எட்டியது 2023இல். எட்டரை ஆண்டில் ஐந்து ஆண்டு வேலை.

முதல் வேலை உங்கள் ஆலையில்

நார்தர்ன் லைட்ஸ் உங்கள் புகைபோக்கியைத் தொடாது. வாயுவைப் பிரித்து, உலர்த்தி, குளிர்வித்து, திரவமாக்கி, உங்கள் துறைமுகத் தொட்டியில் வைத்துக் காத்திருப்பது உங்கள் பொறுப்பு. செலவிலும் சிக்கலிலும் பெரும்பங்கு இங்கேதான். அதனால் முதல் வாடிக்கையாளரான பிரேவிக் சிமென்ட் ஆலையைப் பார்ப்பது அவசியம். ஹைடல்பர்க் மெட்டீரியல்ஸ் நடத்தும் இந்த ஆலை, தெற்கு நார்வேயில் கடற்கரையை ஒட்டி இருக்கிறது. பிடிப்பு அலகு 2025 ஜூனில் திறக்கப்பட்டது. இலக்கு ஆண்டுக்கு 4 லட்சம் டன்.

சிமென்ட்டுக்கு இது ஏன் பொருந்துகிறது என்பதற்கு வேதியியலே காரணம். 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகப் போகும். நிலக்கரியை விட்டு வைக்கோலை எரித்தாலும், மின்சாரத்தில் சூளையைச் சூடாக்கினாலும் அந்த 44 கிலோவில் ஒரு கிராம்கூடக் குறையாது. ஒரு சிமென்ட் ஆலையின் மொத்த உமிழ்வில் ஏறத்தாழ அறுபது சதவீதம் இப்படிக் கல்லிலிருந்தே வருவது.

பிடிக்கும் முறை பழையது. புகையை 40 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து, அப்சார்பர் என்னும் உயர்ந்த கோபுரத்தின் அடியில் விடுவார்கள். மேலிருந்து அமீன் என்னும் காரத் தன்மையுள்ள ரசாயனத்தின் கரைசல் இறங்கும். இரண்டும் கோபுரத்தில் அடுக்கியிருக்கும் உலோகத் தகட்டு மடிப்புகளில் சந்திக்கும்போது, கரியமில வாயு அமீனுடன் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கரைசலை ஸ்ட்ரிப்பர் என்னும் இரண்டாம் கோபுரத்துக்கு ஏற்றி, நீராவியால் 110 முதல் 120 டிகிரி வரை சூடாக்கினால் வாயு பிரிந்து மேலே வரும். அமீன் மறுபடி அப்சார்பருக்குத் திரும்பும். இரண்டு கோபுரங்களுக்கும் நடுவே ஒரு வெப்பப் பரிமாற்றி, சூடாகத் திரும்பும் கரைசலின் வெப்பத்தைக் குளிர்ந்து வரும் கரைசலுக்குக் கொடுக்கும். வரைபடத்தில் எளிமையாகத் தெரியும் இந்தச் சுற்று, நடைமுறையில் இரவும் பகலும் கவனிப்பு கேட்கும்.

வெப்பக் கணக்கை எல்லோரும் குறைத்துச் சொல்கிறார்கள். மோனோஎத்தனாலமீன் என்னும் வழக்கமான அமீனின் 30 சதவீதக் கரைசலில் ஒரு டன் வாயுவைப் பிரிக்க 3.5 ஜிகாஜூல் அளவுக்கு வெப்பம் வேண்டும். நவீனக் கரைசல்களில் 2.5 முதல் 3 வரை இறங்கும். 3.5 ஜிகாஜூல் என்பது ஏறத்தாழ 140 கிலோ நல்ல நிலக்கரியின் வெப்பம். அதற்கென்று தனி பாய்லர் வைத்து நிலக்கரியை எரித்தால், ஒரு டன் பிடிப்பதற்குள் இன்னொரு 330 கிலோ புதிதாக உண்டாகிவிடும். பிடித்த டன்னும் தவிர்த்த டன்னும் ஒன்றல்ல என்று நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

பிரேவிக்கில் எடுத்த முடிவு நேர்மையானது. சூளையிலிருந்து வீணாகப் போகும் வெப்பத்தை மட்டும் நீராவியாக்கி அமீனுக்குக் கொடுத்தார்கள். அந்த வெப்பம் ஆலை உமிழ்வில் ஏறத்தாழ பாதியைப் பிடிக்கத்தான் போதும். அதனால்தான் அலகின் அளவு 4 லட்சம் டன்னில் நின்றது. ‘ஏன் பாதி மட்டும்’ என்று குறை சொல்பவர்கள் உண்டு. மீதியைப் பிடிக்க எரிபொருள் வாங்கி எரிப்பதைவிட, கிடைக்கும் வெப்பத்தோடு நிறுத்தியது சரியே என்பது எங்கள் கணிப்பு.

அமீன் கெட்டுப்போவது இந்தத் தொழிலின் நாள்பட்ட நோய். புகையில் கந்தக டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருந்தால், அது அமீனைப் பிடித்துக்கொண்டு வெப்பத்துக்கும் பிரியாத உப்பாகிவிடும். கோபுரத்துக்கு முன்பே காரக் கரைசலில் கழுவி அதை அகற்ற வேண்டும். புகையில் உள்ள ஆக்சிஜன் அமீனை மெல்ல அரித்து அமிலங்களாக்கும். கரைசல் தேன்நிறத்திலிருந்து கருப்புக்குப் போகும். நுண்தூள் உள்ளே நுழைந்தால் கரைசல் நுரைக்கும், தகட்டு மடிப்புகள் அடைபடும், வெப்பப் பரிமாற்றியில் படிவு ஏறும். பவுண்டரி டாமின் ஆரம்ப ஆண்டுகளைத் தின்றது இந்தச் சாம்பல் தூளும் அமீன் சிதைவும்தான். ஆகவே ஆலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: சீரான ஓட்டத்தில் எடுத்த ஒரு நாள் அளவீட்டை நம்பி ஆர்டர் கொடுக்காதீர்கள். சூளையை ஏற்றும்போதும், எரிபொருளை மாற்றும்போதும், வடிகட்டிப் பைகள் கிழியும்போதும் புகையில் என்ன வருகிறது என்று குறைந்தது ஓராண்டு அளந்து பாருங்கள். பிரேவிக்கில் ஆலை கட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, சிறு சோதனை அலகை அதே புகைபோக்கியில் இணைத்து ஓட்டிப் பார்த்திருந்தார்கள்.

அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்க வேண்டியது இன்னொன்று. அமீனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சேர்ந்தால் நைட்ரோசமீன் என்னும் புற்றுநோய்க் காரணிகள் உருவாகலாம். நார்வேயில் சுவாசக் காற்றில் நைட்ரோசமீனும் நைட்ரமீனும் சேர்ந்து கன மீட்டருக்கு 0.3 நானோகிராமைத் தாண்டக்கூடாது என்று பொதுச் சுகாதார நிறுவனம் வழிகாட்டு அளவு வைத்தது. அப்சார்பரின் தலையில் தண்ணீர்க் கழுவல் அடுக்கு வைப்பது இதற்காகத்தான். விலைப்பட்டியலில் அந்த அடுக்கைச் சுருக்கியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரக்கின் தரம்: சேவையின் மிகக் கறாரான பக்கம்

நார்தர்ன் லைட்ஸ் வாங்கும் வாயுவுக்குத் தர அளவுகள் உண்டு. அவர்கள் முதலில் வெளியிட்ட பட்டியலில் தண்ணீர் பத்து லட்சத்தில் 30 பங்குக்குள், ஆக்சிஜன் 10க்குள், கந்தக ஆக்சைடுகள் 10க்குள், ஹைட்ரஜன் சல்ஃபைடு 9க்குள், கார்பன் மோனாக்சைடு 100க்குள், பாதரசம் 0.03க்குள். சோடா பாட்டிலில் அடைக்கும் வாயுவுக்கு இருப்பதைப் போன்ற கறார். புதைக்கப்போகும் சரக்குக்கு இவ்வளவு சுத்தம் எதற்கு என்று கேட்பது இயல்பு.

காரணம் குழாயின் எஃகு. உலர்ந்த கரியமில வாயு சாதாரண எஃகை ஒன்றும் செய்யாது. ஒரு துளி தண்ணீர் தனியாகப் பிரிந்தால் கார்பானிக் அமிலம் உண்டாகி, சில மாதங்களில் குழாய்ச் சுவரைத் தின்னும். தண்ணீர் அளவு வரம்புக்குள் இருந்தாலும் ஆபத்து தீராது. நைட்ரஜன் ஆக்சைடு, கந்தக ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, ஆக்சிஜன் ஆகியவை அழுத்தத்தில் ஒன்றோடொன்று வினைபுரிந்து கந்தக அமிலத்தையும் நைட்ரிக் அமிலத்தையும் உண்டாக்கும். சில சமயம் கந்தகமே தூளாகப் படியும். ஒரு வாடிக்கையாளரின் சரக்கு தனியாகச் சுத்தமாகத் தெரியலாம். வேறு ஆலைச் சரக்கோடு ஒரே தொட்டியில் கலக்கும்போதுதான் வினை தொடங்கும். பல வாடிக்கையாளர்களுக்குப் பொதுவான சேவை என்பதால் இந்தக் கறார் நியாயமானதே. இதில் அவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறோம்.

வாடிக்கையாளருக்கு இதனால் வரும் செலவு மூன்று: ஆக்சிஜனை அகற்ற ஹைட்ரஜன் சேர்த்து வினையூக்கியில் எரிக்கும் அலகு, தண்ணீரை இழுக்கும் மூலக்கூற்றுச் சல்லடை, எந்நேரமும் அளந்துகொண்டிருக்கும் பகுப்பாய்வுக் கருவி. மூன்றாவதைச் சிக்கனம் பார்த்து ஒன்றோடு நிறுத்துவது பெரிய தவறு. கருவி பழுதான நேரத்துச் சரக்குக்குத் தரச் சான்று இருக்காது. சான்று இல்லாத சரக்கைக் கப்பல் ஏற்றாது.

கப்பல்

சேவையின் நெகிழ்வு கப்பலில்தான் இருக்கிறது. குழாய் போட்டால் ஒரே ஆலைக்குக் கட்டுப்பட வேண்டும். கப்பல் இருந்தால் எந்தத் துறைமுகத்துக்கும் போகலாம். ‘நார்தர்ன் பயனியர்’, ‘நார்தர்ன் பாத்ஃபைண்டர்’ என்ற முதல் இரண்டும் சீனாவின் தாலியன் கட்டுதளத்தில் கட்டப்பட்டவை. நீளம் 130 மீட்டர், கொள்ளளவு 7,500 கன மீட்டர். திரவ இயற்கை எரிவாயுவில் ஓடுகின்றன. காற்றின் உதவியை இழுக்கச் சுழலும் உருளைப் பாய் ஒன்று உண்டு.

சரக்கைச் சுமார் 15 பார் அழுத்தத்தில், மைனஸ் 26 டிகிரியில் வைத்திருப்பார்கள். கரியமில வாயுவுக்கு ஒரு விசித்திரம் உண்டு. அழுத்தம் 5.2 பாருக்குக் கீழே இறங்கினால் அது திரவமாகவே இருக்காது, உலர்பனிக்கட்டியாக உறைந்துவிடும். இறக்கும்போது எங்கேனும் வால்வு தவறித் திறந்து அழுத்தம் திடீரென்று விழுந்தால், குழாய்க்குள் பனி அடைத்துக்கொள்ளும். அது உருகும்வரை கப்பல் துறையில் நிற்க வேண்டியதுதான். ஆகவே திரவம் இறங்க இறங்க, கரைத் தொட்டியிலிருந்து ஆவியைத் திருப்பிக் கப்பலுக்கு அனுப்பும் இன்னொரு குழாயும் இணைத்திருக்க வேண்டும். உங்கள் துறையில் ஏற்றும்போதும் அதே ஏற்பாடு வேண்டும். திட்டம் போடும்போது ஆவி திரும்பும் குழாயை மறப்பவர்கள் இருக்கிறார்கள்.

கொஞ்சம் கணக்கு. 7,500 கன மீட்டர் என்றால் ஏறத்தாழ 8,000 டன். பிரேவிக் ஆண்டுக்கு 4 லட்சம் டன் கொடுத்தால் 50 நடை. அதாவது வாரத்துக்கு ஒரு கப்பல். நாளொன்றுக்கு 1,100 டன் சேரும். கப்பல் இரண்டு நாள் தாமதித்தால் கூடுதலாக 2,200 டன்னுக்கு ஆலையில் இடம் வேண்டும். இல்லாவிட்டால் பிடித்ததை வெளியே விடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஐரோப்பிய உமிழ்வு வர்த்தகத்தில் அப்படி விட்ட டன்னுக்கு உரிமம் வாங்கி ஒப்படைக்க வேண்டும். வட கடலில் குளிர்காலப் புயல்கள் அடிக்கடி வரும். தொட்டி அளவைத் தீர்மானிக்கும்போது சராசரி நடை நாளைப் பார்க்காமல், ஜனவரி மாதத்து மோசமான வாரத்தைக் கணக்கில் எடுங்கள்.

பாறை

புதைக்கும் இடத்தின் பெயர் அரோரா. ட்ரோல் எரிவாயு வயலுக்குத் தெற்கே இருக்கிறது. 2020இல் இயோஸ் என்ற ஆய்வுக் கிணற்றைத் தோண்டி, ஜோஹான்சன் என்ற மணற்கல் அடுக்கின் மாதிரியை எடுத்துப் பார்த்தார்கள். அதன் மேலே டிரேக் என்ற களிப்பாறை மூடியாக இருக்கிறது. கடல்தரைக்கு 800 மீட்டருக்கு மேல் ஆழம் போனால், அழுத்தத்தால் கரியமில வாயு அடர்ந்து, திரவத்தைப் போல இடம் சுருங்கி நிற்கும். 2,600 மீட்டர் அந்த வரம்பைத் தாராளமாகத் தாண்டியது. மேலே மிதந்து ஏறப் பார்க்கும் வாயுவை மூடிப் பாறை தடுக்கும். நகரும் வழியில் மணற்கல்லின் நுண்துளைகளில் ஒரு பங்கு சிக்கிக்கொள்ளும். ஒரு பங்கு உப்புநீரில் கரையும். கரைந்த நீர் கனமாகிக் கீழே இறங்கும். கல்லாக மாறுவது இந்த வகைப் பாறையில் நூற்றாண்டுக் கணக்கில் நடக்கும் காரியம்.

நார்வேக்கு இதில் அனுபவம் நீண்டது. 1991இல் கடல் எண்ணெய்த் துறைக்குக் கரிம வரி போட்டதும், ஸ்லைப்னர் வயலில் எரிவாயுவோடு வரும் கரியமில வாயுவைக் காற்றில் விடுவது செலவாகிவிட்டது. 1996 முதல் உத்சிரா மணற்கல்லில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவில் செலுத்தினார்கள். அங்கே நில அதிர்வுப் படங்கள் சொன்னது வியப்பானது: மணலுக்குள் மெல்லிய களி அடுக்குகள் இருந்தும், வாயு அவற்றைக் கடந்து 1999க்குள்ளேயே மேலடுக்கை எட்டியிருந்தது. மூடிப் பாறை தாங்கியது. ஆனால் உள்ளே வாயு எப்படி நகரும் என்று முன்கூட்டிப் போட்ட கணக்கு தவறியது.

வடக்கே ஸ்னோவிட் எரிவாயு வயலில் பாடம் வேறு. 2008இல் தூபோயன் அடுக்கில் தொடங்கினார்கள். முதலில் கிணற்றைச் சுற்றி உப்பு படிந்து துளைகளை அடைத்தது. உலர்ந்த வாயு அங்கிருந்த உப்புநீரின் தண்ணீரை இழுத்துக்கொண்டதே காரணம். கிளைகால் (glycol) என்னும் ரசாயனக் கலவையைச் செலுத்தி அதைச் சரிசெய்தார்கள். பிறகு அழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியது. அடுக்கு பெரிதாகத் தெரிந்தாலும் உள்ளே தடுப்புகள் இருந்தன. 2011இல் ஸ்தோ என்ற வேறு அடுக்குக்கு மாற்றினார்கள். மாற்ற இன்னொரு அடுக்கு அதே கிணற்றில் இருந்தது நல்வாய்ப்பு. அல்ஜீரியாவின் இன் சலா எரிவாயு வயலில் அந்த வாய்ப்பு இல்லை: 2004இல் தொடங்கி 38 லட்சம் டன் செலுத்திய பிறகு, செயற்கைக்கோள் அளவீட்டில் நிலம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்வது தெரிந்தது. மூடிப் பாறையின் உறுதி பற்றிய ஐயத்தால் 2011இல் நிறுத்திவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் கோர்கன் எரிவாயுத் திட்டத்தில் ஆண்டுக்கு 40 லட்சம் டன் திறன் இருந்தும், பாறையின் அழுத்தத்தைத் தணிக்க நீரை வெளியேற்றும் கிணறுகளில் மணல் அடைத்ததால், 2023–24இல் போனது சுமார் 16 லட்சம் டன்தான்.

இந்த அனுபவங்களை எல்லாம் வைத்துப் பார்க்கும்போது, அரோராவில் எங்களுக்குப் பிடித்தது இரண்டு: மூடிப் பாறையைத் துளைத்த பழைய கிணறுகள் அங்கே மிகக் குறைவு, கசிவுக்கு அவைதான் வழக்கமான வழி. செலுத்தும் கிணற்றுக்கு மாற்றாக இன்னொரு கிணறும் தயாராக இருக்கிறது. கேட்க வேண்டிய எண் ஒன்று உண்டு: கிணற்று அடியில் அழுத்தம் மாதாமாதம் எவ்வளவு ஏறுகிறது? ஏற்றம் ஆண்டுக்காண்டு தணிந்து சமநிலைக்கு வந்தால் பாறை திறந்து கொடுக்கிறது என்று பொருள். நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போனால் ஸ்னோவிட் கதை.

சேவை அடிக்கடி நின்று நின்று ஓடுவதும் கிணற்றுக்கு நல்லதல்ல. மறுபடி தொடங்கும்போது மேல்பகுதியில் திரவம் ஆவியாகிக் கடுமையாகக் குளிரும். சிமென்ட் உறையும் எஃகும் வெவ்வேறு அளவில் சுருங்கும். கரையில் 12 தொட்டிகள் இருப்பது கப்பலுக்குக் கப்பல் இடைவெளி இருந்தாலும் கிணற்றுக்கு ஓட்டம் சீராகப் போகத்தான்.

விலை

பிரேவிக், ஆஸ்லோ பிடிப்பு அலகுகளையும் நார்தர்ன் லைட்ஸையும் சேர்த்து நார்வே நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட ‘லாங்ஷிப்’ திட்டத்தின் 2020 மதிப்பீடு, கட்டுமானமும் பத்தாண்டு இயக்கமும் சேர்த்து 2,510 கோடி குரோனர். அதில் அரசின் பங்கு 1,680 கோடி. பிரேவிக்கும் ஆஸ்லோ குப்பை எரிப்பு நிலையமும் தலா 4 லட்சம் டன் பத்தாண்டு கொடுத்தால் 80 லட்சம் டன். வகுத்தால் டன்னுக்கு 3,100 குரோனருக்கு மேல். நம் பணத்தில் ஏறத்தாழ 25,000 ரூபாய். சேவையின் முதல் கட்டம் ஆண்டுக்கு 15 லட்சம் டன்னுக்குக் கட்டப்பட்டது என்பதால் பிற வாடிக்கையாளர்கள் சேரச் சேர இது இறங்கும். இருந்தாலும் ஐரோப்பிய உமிழ்வு உரிமத்தின் விலை 2023 பிப்ரவரியில் உச்சம் தொட்டபோதே 100 யூரோவைத்தான் தாண்டியது. சந்தை விலை மட்டும் இந்தச் செலவைத் தாங்காது. அரசுப் பணம் வேண்டும்.

ஆஸ்லோ நிலையத்தின் கதை அதற்குச் சான்று. செலவு ஏறியதால் 2023 ஏப்ரலில் வேலையை நிறுத்தினார்கள். வடிவமைப்பைச் சுருக்கி, 2025 ஜனவரியில்தான் ஆண்டுக்கு 3.5 லட்சம் டன் என்ற அளவில் மீண்டும் முடிவெடுத்தார்கள். 2029இல் ஓடும் என்பது திட்டம்.

நெதர்லாந்தின் ஸ்லாய்ஸ்கில்லில் உள்ள யாரா அமோனியா ஆலை ஆண்டுக்கு 8 லட்சம் டன்னுக்கும், டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் தன் மரச்சில்லு, வைக்கோல் எரிக்கும் நிலையங்களிலிருந்து 4.3 லட்சம் டன்னுக்கும் கையெழுத்திட்டிருக்கின்றன. அமோனியா ஆலைக்கு இது மற்றவர்களைவிட மலிவு. அங்கே ஹைட்ரஜன் தயாரிக்கும்போதே கரியமில வாயு கிட்டத்தட்டத் தூயதாகப் பிரிந்து வந்துவிடும். அமீன் கோபுரத்துக்குத் தனிச் செலவு இல்லை. உங்கள் ஆலையிலும் அப்படிப்பட்ட தூய ஓட்டம் ஒன்று இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். எரிவாயு டர்பைனின் புகையில் 3 முதல் 5 சதவீதம்தான் கரியமில வாயு. நிலக்கரிப் புகையில் 12 முதல் 15. சிமென்ட் சூளையில் அதைவிட அதிகம். நீர்த்த புகையில் கோபுரம் பெரிதாகும், மின்விசிறியின் மின்சாரம் கூடும்.

முதல் கட்டத்தின் இடம் முழுதும் பதிவாகிவிட்டது. 2025 மார்ச்சில் ஒப்புக்கொண்ட இரண்டாம் கட்டம், ஆண்டுக்குக் குறைந்தது 50 லட்சம் டன்னாக உயர்த்தும். 2028 பிற்பாதியில் தயாராகும் என்கிறார்கள். அதைச் சாத்தியமாக்கியது ஆண்டுக்கு 9 லட்சம் டன் வரை கொடுக்கும் ஸ்டாக்ஹோம் எக்ஸர்ஜியின் ஒப்பந்தம். மரக்கழிவை எரித்து நகரத்துக்கு வெப்பம் கொடுக்கும் நிலையம் அது. மரம் காற்றிலிருந்து எடுத்த கரியைப் புதைப்பதால் காற்றிலிருந்து உண்மையில் கழிகிறது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

கழிவைக் கடலில் கொட்டுவதைத் தடுக்கும் லண்டன் நெறிமுறைப்படி, புதைப்பதற்கென்று கரியமில வாயுவை ஏற்றுமதி செய்ய முடியாமல் இருந்தது. 2009இல் திருத்தம் கொண்டுவந்தும் போதிய நாடுகள் ஏற்கவில்லை. 2019இல்தான் தற்காலிகமாக நடைமுறைப்படுத்த வழி பிறந்தது. அதனால் அனுப்பும் நாட்டுக்கும் நார்வேக்கும் இடையே தனி உடன்பாடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாமல் கப்பல் கிளம்பாது.

பொறுப்பு எங்கே கைமாறுகிறது என்பது அடுத்தது. பொதுவாகக் கப்பலில் ஏற்றிய கணத்திலிருந்து சரக்கு சேவைக்காரருடையது. மூடிய பிறகு, ஐரோப்பிய 2009 வழிகாட்டுச் சட்டத்தின்படி, குறைந்தது 20 ஆண்டுகள் கவனித்து, வாயு அடங்கிவிட்டது என்று நிரூபித்த பிறகே பொறுப்பு அரசுக்குப் போகும். அதற்குப் பின் 30 ஆண்டுக் கண்காணிப்புக்கான பணத்தையும் முன்கூட்டிக் கட்டவேண்டும். இந்த விதி கடுமையானது; கடுமையாக இருப்பதே நல்லது.

கரையில் குழாய் போடுபவர்கள் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துச் சட்டார்ஷியா ஊரை மறக்கக்கூடாது. 2020 பிப்ரவரியில் மழையில் மண் சரிந்து கரியமில வாயுக் குழாய் வெடித்தது. காற்றைவிடக் கனமான அந்த வாயு தாழ்வான இடத்தில் தேங்கியது. ஆக்சிஜன் இல்லாமல் கார் எஞ்சின்கள் நின்றன. 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். நார்தர்ன் லைட்ஸின் நீண்ட குழாய் கடலடியில் இருப்பது இந்த வகையில் பாதுகாப்பு. உங்கள் ஆலையிலிருந்து துறை வரைக்கும் போகும் குழாய் குடியிருப்புக்கு அருகே, பள்ளத்தில் போகிறதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

உலகம் முழுவதும் இயங்கும் பிடிப்புத் திறன் ஆண்டுக்கு 5 கோடி டன் அளவில்தான். எரிபொருளிலிருந்து வரும் உமிழ்வு 3,700 கோடி டன். இந்த இடைவெளியைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். அந்த 5 கோடியிலும் பெரும்பகுதி பழைய வயலில் மிச்ச எண்ணெயைத் தள்ளி எடுக்கவே போகிறது. நார்தர்ன் லைட்ஸில் எண்ணெய் எடுக்கும் வேலை இல்லை. அதன் ஒவ்வொரு டன்னும் புதைப்பதற்காகவே போகிறது; எங்கள் மதிப்பெண்ணில் அதற்குக் கூடுதல் இடம் உண்டு.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு

தூத்துக்குடியில் 2016இலேயே ஒரு ரசாயன ஆலை, நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடித்துச் சோடா உப்பு செய்யும் அலகைத் தொடங்கியது. பொறியியலாக அது மதிக்கத்தக்க வேலை. ஆனால் சோடா உப்பைக் கண்ணாடிச் சூளையில் உருக்கும்போது அதே வாயு வெளியே வந்துவிடும். அதைப் புதைத்த கணக்கில் சேர்க்க முடியாது. 2019இல் அரியலூர் சிமென்ட் ஆலை ஒன்றில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்கல்லும் சூளைகளும் நெருங்கியிருக்கும் அரியலூருக்கு இந்தத் தொழில்நுட்பம் பொருந்தும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. பிடித்ததைக் கொண்டுபோய் வைக்கும் இடம்தான் கேள்வி. காவிரிப் படுகையில் மணற்கல் அடுக்குகள் உண்டு. பல பத்தாண்டு எண்ணெய்த் தேடலின் தரவும் உண்டு. அதே தேடல் விட்டுச்சென்ற பழைய கிணறுகளும் உண்டு. படுகையின் நிலப்பகுதியில் 2020இன் வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆழத்துளை என்றாலே உழவர்களுக்கு நியாயமான அச்சமும் இருக்கிறது. ஆகவே பார்க்க வேண்டியது கரைக்கு அப்பால், கடலடிப் பகுதியை. ஒவ்வொரு பழைய கிணறும் எங்கே, எந்த ஆழத்தில், எதைக் கொண்டு அடைக்கப்பட்டது என்ற பட்டியலும், இயோஸ் போல ஒரு சோதனைக் கிணறும் முதலில் வரவேண்டும். அப்சார்பருக்கு அடித்தளம் தோண்டுவது அதற்குப் பிறகு.